ஆளை வைத்து ஆண்ட மலை: வெள்ளிமலையும் கல்வராயன் ஜாகீர்களும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் போகும் சாலை, கோமுகி அணைப் பக்கம் போனதும் மலையேறத் தொடங்குகிறது. ஏறி முடிகிற இடத்தில் வெள்ளிமலை. வட்டாட்சியர் அலுவலகம், ஒன்றிய அலுவலகம், நாலைந்து டீக்கடை, மளிகைக்கடை, உள்ளூர்களுக்குப் போகும் பேருந்துக்காக மூட்டையோடு காத்திருக்கும் ஆட்கள். தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூர்க் கடைத்தெருவுக்கும் பொருந்துகிற வருணனைதான். வேறுபாடு காலக்கணக்கில் இருக்கிறது. அடிவாரத்துச் சமவெளியில் கலெக்டரும் தாசில்தாரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மேலே, மலைநிலம் அரசின் கைக்கு வந்ததே 1976-ல்தான். வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு தனி வட்டம் அமைந்ததோ கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்த 2019-ல். இந்த நீண்ட இடைவெளியில் மலை எப்படி ஆளப்பட்டது, அந்த ஆட்சிமுறை எதை விட்டுச் சென்றது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கல்வராயன் மலைக்கு எந்த அரசும் நெடுங்காலம் தானே ஏறி வரவில்லை. நடுவில் ஓர் ஆளை வைத்தே ஆண்டது. ஆள் மாறினான், முறை மாறவில்லை என்பது என் கருத்து.

மலையின் கிடப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டுகளில் ஒன்றான கல்வராயன் ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். கிழக்குச் சரிவு கள்ளக்குறிச்சி மாவட்டம். மேற்குச் சரிவு சேலம் மாவட்டம். வடமேற்கில் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலை ஒட்டிக்கிடக்கிறது. கிழக்கில் இறங்கும் கோமுகியும் மணிமுக்தாவும், மேற்கில் இறங்கி வசிஷ்ட நதியில் சேரும் கரியகோயில் ஆறும், சுற்றிச் சுற்றிக் கடைசியில் வெள்ளாற்றுக்கே வந்து சேர்கின்றன. அடிவாரத்தில் கோமுகிக்கு 46 அடி உயர அணை 1960-களில் கட்டப்பட்டது. அதன் தண்ணீரில் நெல்லும் கரும்பும் விளைவது கீழே. மேலே இருப்பவனுக்கு மழையை விட்டால் ஊற்றும் ஓடையும்தான். மலைக்கும் சமவெளிக்கும் இடையேயான கணக்கு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதற்கு இந்த அணை ஒன்றே போதிய சாட்சி.

இங்கே வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. தாய்மொழி தமிழ், பெயருக்குப் பின்னால் கவுண்டர் பட்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் இவர்களுக்கே. மாநிலம் முழுவதும் சுமார் 3.5 லட்சம் பேர். சேர்வராயன், கொல்லி, பச்சை, ஜவ்வாது, கல்வராயன் எனப் பல மலைகளில் பரவியிருக்கும் இவர்கள் எல்லோரிடமும் வழங்கும் கதை ஒன்று உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூவர் கிளம்பினார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் ஆளுக்கொரு மலையைப் பிடித்துக்கொண்டார்கள். கூடவே அவர்களுடைய தெய்வமான கரியராமனும் வந்தார். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய தொகுதிகளில், தென்னார்க்காட்டு மலையாளிகளிடம் கேட்ட இன்னொரு பதிப்பு பதிவாகியுள்ளது. வந்தவர்கள் மலையில் முன்பே இருந்த வேடர்களைக் கொன்று, அவர்களுடைய பெண்களை மணந்துகொண்டார்களாம். கல்யாணத்தின்போது வானத்தை நோக்கித் துப்பாக்கி சுடும் வழக்கத்துக்கு இதுவே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த வெடி, செத்துப்போன வேடக் கணவனைக் குறிக்கிறதாம்.

இக்கதைகளை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது, கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் கூடாது. குடியேறியவர்கள் தாங்கள் குடியேறியவர்கள் என்பதை மறைக்கவில்லை. தங்களுக்கு முன்னால் ஆள் இருந்ததையும் கல்யாணச் சடங்கிலேயே வைத்திருந்தார்கள். அந்த முன்னோர் யாராயினும், மலையில் மனித வாழ்வு மிகப் பழையது. சேர்வராயன், கல்வராயன் பக்கத்து ஊர்க்கோயில்களில் புதிய கற்காலத்து மெருகேற்றிய கற்கோடரிகளைச் சாமியாக அடுக்கி வைத்துக் கும்பிடுவதை இன்றும் காணலாம்.

நிர்வாக வரலாற்றுக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து அரசாங்கக் குறிப்புகள் கல்வராயனை ஐந்து நாடுகளாக, அதாவது வரி வாங்கும் உரிமையோடு ஒரு குடும்பத்திடம் விடப்பட்ட ஐந்து ஜாகீர்களாகக் காட்டுகின்றன. சேலம் பக்கம் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன். தென்னார்க்காடு பக்கம் சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் நாடுகள். கடைசி மூன்றுமே இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்து மலைப்பகுதி. இந்த உரிமையை விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் (1509–1529) தங்கள் முன்னோருக்குக் கொடுத்தார் என்பது ஜாகீர்தார் குடும்பங்களின் மரபு. எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. ராயர் கையால் பட்டம் வாங்கியதாகச் சொல்லும் பாளையக்காரர் வம்சாவளிகள் தமிழ்நாடெங்கும் இருக்கின்றன; அவற்றில் பல, கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவையாளர் காலின் மெக்கன்சியின் ஆட்கள் ஊர் ஊராகச் சேகரித்துவந்த காலத்தில், அந்தக் கம்பெனியிடம் உரிமையை நிலைநாட்ட எழுதப்பட்டவை. மலையாளிகளின் காஞ்சிக் கதையும் ஜாகீர்தாரின் ராயர் கதையும் செய்கிற வேலை ஒன்றுதான்: நிலம் எங்களுடையது என்று சொல்வது. முதல் கதை உழுகிறவனுக்கு உரிமை கேட்கிறது, இரண்டாவது வரி வாங்குகிறவனுக்கு.

ஒரே மலை ஏன் இரண்டு ஜில்லாக்களில் விழுந்தது? காரணம் மலையில் இல்லை, கீழே நடந்த சண்டைகளில் இருக்கிறது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் ஆத்தூர்ச் சீமையும் கம்பெனிக்கு வந்தன. தென்னார்க்காடு வந்தது 1801-ல், ஆர்க்காட்டு நவாபிடமிருந்து. இரண்டு பழைய எஜமானர்களின் எல்லை கல்வராயன் முகட்டை ஒட்டி ஓடியது. கம்பெனி அதை அப்படியே ஜில்லா எல்லையாக்கிக்கொண்டது. அந்தக் கோடு இன்றும் இருக்கிறது. மேற்குச் சரிவில் இருக்கும் மலையாளி, பழங்குடிகளுக்கு ஒதுக்கப்பட்ட ஏற்காடு சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர். தமிழ்நாட்டில் பழங்குடிகளுக்கு ஒதுக்கப்பட்ட தொகுதிகள் ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே. கிழக்குச் சரிவில் இருக்கும் அவருடைய சம்பந்தி இரண்டிலும் வரமாட்டார்.

குடியானவனிடம் அரசே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி என்ற பெரிய இயந்திரம் சமவெளியில் ஓடத் தொடங்கியபோது, ஒவ்வொரு வயலும் அளக்கப்பட்டது, எண் இடப்பட்டது, பட்டாவில் ஒரு பெயர் ஏறியது. அந்த இயந்திரம் மலையடிவாரத்தில் நின்றுவிட்டது. அளக்கச் செலவு அதிகம், வரும் வரி குறைவு, காய்ச்சல் வேறு. ஜாகீர்தார் இருந்தால் இந்த மூன்று தொல்லையும் அரசுக்கு இல்லை. இது தமிழ்நாட்டு அதிகாரிகளின் தனி யோசனையும் அல்ல. ஜாவாவில் டச்சுக்காரர்கள் உள்ளூர்ப் பிரபுக்களை நடுவில் வைத்துக்கொண்டு ஆண்டதும் இதே கணக்கில்தான். குடியானவனுக்கு விளைவு என்னவென்றால், அவன் சாமையும் கேழ்வரகும் விதைத்த காட்டுக்குக் காகிதம் கிடையாது. ஊர்க்கவுண்டரும் நாட்டாரும் சொல்வது வழக்கு. ஜாகீர்தார் சொல்வது சட்டம். தலைமுறை தலைமுறையாக ஒரே காட்டை உழுதவனாலும் அது தன்னுடையது என்று எழுத்தில் காட்ட முடியாது.

சுதந்திரத்துக்குப் பின் நடந்தது இன்னும் வியப்பானது. 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்துப் பெரிய ஜமீன்களை வரிசையாகத் தூக்கிப் போட்டது. கல்வராயன் ஜாகீர்கள் அதற்குப் பிறகும் ஏறக்குறைய முப்பது ஆண்டு தாக்குப்பிடித்தன. 1950-ல் அரசியலமைப்பு வந்தது, மலையாளிகள் அட்டவணைப் பழங்குடிகள் ஆனார்கள், 1960-களில் கோமுகி அணையும் கட்டி முடிந்தது. மேலே ஜாகீர் நீடித்தது. கடைசியில் அது அரசின் கைக்கு வந்த 1976, நெருக்கடி நிலைக் காலம். அவ்வாண்டு ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசு கலைக்கப்பட்டு மாநிலம் குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகள் தொடாமல் விட்டதை, தேர்ந்தெடுக்கப்படாத ஒன்று முடித்துவைத்தது. இதை நெருக்கடி நிலைக்குச் சாதகமான வாதமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்; மலைமக்களின் வாக்கு அதுவரை எந்தக் கட்சிக்கும் எவ்வளவு பெரிதாகப் படவில்லை என்பதற்குத்தான் அது சான்று.

ஜாகீர்தார் போனார். அவர் இடத்துக்கு யார் வந்தார்கள் என்பதில்தான் எனக்கு அக்கறை. காகிதத்தில் வந்தவர்கள் வருவாய்த்துறையும் வனத்துறையும். உழுத நிலம் எது, காடு எது என்று பிரிக்கிற வேலை மெதுவாக நடந்தது. இரண்டு துறைகளுக்கும் நடுவே பட்டா இல்லாத காடுகள் ஏராளமாக நின்றன. 2006-ன் வன உரிமைச் சட்டம் இதைத் தீர்க்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடை ஒன்றால் உரிமைப் பத்திரம் வழங்குவதே பல ஆண்டு முடங்கி, 2016-ல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிய பிறகே வழி திறந்தது. மாநிலத்தில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடம் ஒன்றுகூட இல்லை என்பதும் இங்கே நினைவில் வைக்க வேண்டியது.

கையில் காசு புழங்கும் இடத்திலோ புதிய நடு ஆள் வியாபாரியானார். அவரைக் கொண்டுவந்தது மரவள்ளி. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர், மலேயா வழியாக வந்த ஜவ்வரிசியும் மாவும் நின்றுபோனபோது, 1943-ல் சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும் போபட்லால் ஷாவும் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் தொழிலைத் தொடங்கினார்கள். ஆத்தூர், சின்னசேலம் பக்கமெல்லாம் மில்கள் முளைத்தன. 1981-ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் வந்தது. மலைக்குச் சாலை ஏறியதும் லாரி ஏறியது, லாரிக்காகக் குச்சிக்கிழங்கு என்று சொல்லப்படும் மரவள்ளி பெருகியது. சாமையும் தினையும் இருந்த சரிவுகளில் ஒரு சாண் நீளக் குச்சிகளை நட்டு, ஒன்பது பத்து மாதம் கழித்துப் பிடுங்குகிறார்கள். விலை மூட்டைக் கணக்கில் இல்லை, பாயிண்ட் கணக்கில். மில்லில் மாதிரிக் கிழங்கைச் சோதித்து மாவுச்சத்து இத்தனை பாயிண்ட் என்று சொல்வார்கள். பாயிண்டுக்கு இத்தனை ரூபாய். மழை பெய்த மறுநாள் பிடுங்கினால் பாயிண்ட் இறங்கும். விவசாயி மலைமேல் நிற்கிறார், அளவு கீழே எடுக்கப்படுகிறது, நடுவில் நிற்பவர் முன்பணம் கொடுத்த வியாபாரி. சாமையைக் குதிரில் கொட்டி வைத்துத் தின்னலாம். பிடுங்கிய மரவள்ளியை இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பேரம் பேசும் வலு எந்தப் பக்கம் என்பதை அந்த இரண்டு மூன்று நாளே முடிவுசெய்துவிடுகிறது.

கடுக்காய்க்கும் இதே வழிதான். தோல் பதனிடுவதற்கும் சித்த மருந்துக்கும் கல்வராயன் கடுக்காய்க்கு நல்ல பெயர். பொறுக்குகிறவர் கைக்கு வரும் கூலிக்கும், சேலத்து மருந்துக்கடையில் அதற்குப் போடும் விலைக்கும் இடையே பல கைகள்.

அதே கடுக்காய் வேறொரு ஊறலிலும் விழுந்தது. வெல்லம், வேலம்பட்டை, கடுக்காய் போட்டுப் பேரலில் ஊறவைத்துக் காய்ச்சும் சாராயம், ஓடைத் தண்ணீரும் மறைவும் கிடைக்கிற இம்மலையில் ஒரு தொழிலாகவே வேரூன்றியது. காய்ச்சுகிறவருக்குக் கிடைப்பது கூலி. லாரி டியூப்பில் அடைத்துக் கீழே இறக்கி விற்பவனுக்கே லாபம். வழக்கு மட்டும் மலைக்காரர் பெயரில் பதிவாகும். செம்மரத்தின் கதையும் இதே வரிசையில் வரும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற 20 பேரில் பலர் ஜவ்வாது, சித்தேரி மலையூர்க்காரர்கள். செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகள் கல்வராயனுக்கும் வந்தார்கள். மரத்தை வெட்டினவன் செத்தான் அல்லது சிறைக்குப் போனான். வெட்டச் சொன்னவன் பெயர் வெளியே வருவது அபூர்வம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, உடனடியாகப் பேச்சு கல்வராயன் மலைமீது திரும்பியது. கொன்றது மலையில் காய்ச்சியது அல்ல. வெளியிலிருந்து வந்த மெத்தனால். ஆனாலும் அந்தத் திரும்பலில் ஒரு நன்மை விளைந்தது. சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ஜாகீர் வரலாறும், சாலை இல்லாத ஊர்களும், ஆசிரியர் இல்லாத உண்டு உறைவிடப் பள்ளிகளும் நீதிமன்றப் பதிவுகளில் ஏறின. மலை அரசின் கைக்கு வந்தது 1976 என்றாலும் மக்களுக்கு வாக்குரிமை 1996-ல்தான் கிடைத்தது என்றும் அங்கே சொல்லப்பட்டது. இதை உள்ளாட்சித் தேர்தலோடு சேர்த்துப் புரிந்துகொள்வதே பொருத்தம் என்று நினைக்கிறேன். 1994-ன் ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் முதல் தேர்தல் நடந்தது 1996-ல். தங்கள் ஊருக்குத் தாங்களே தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஜாகீர் நாடுகளுக்கு அப்போதுதான் கைகூடியது. இருபது ஆண்டுத் தாமதம் என்பது எப்படிப் பார்த்தாலும் சிறிதல்ல.

1993-ல் தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் மாவட்டமானபோதும் மலைக்காரருக்குக் கலெக்டர் ஆபீஸ் ஒரு நாள் பயணமாகவே இருந்தது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கியபின் அது மலையடிக்கு வந்தது. தாசில்தார் வெள்ளிமலைக்கே வந்தார். சாதிச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் சேராப்பட்டிலிருந்தோ இன்னாட்டிலிருந்தோ கீழே சங்கராபுரத்துக்கு இறங்கி ஏறிய காலம் முடிந்தது. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் நாடுகள் இருந்த இடத்தில் இப்போது கிராம ஊராட்சிகள். மரவள்ளியின் பாயிண்டை அளக்கும் மில்கள் மட்டும் இன்னும் கீழேயே இருக்கின்றன.