ஏவலும் எச்சமும்

கண்டிக்கு வடகிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவில் அமைந்த மடுல்கெல்லப் பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்கும், பின்னர்த் தேயிலைக்கும் உரிய நிலமாயிற்று. தமிழகத்துத் தொழிலாளரும் பிரித்தானியத் துரைமாரும் இத்தகைய தோட்டங்களில் எதிர்ப்பட்டபோது இரு மொழிகளும் எதிர்ப்பட்டன. அவ்வழி எவ்விலக்கணம் எவரைச் சென்றடைந்தது என்பது ஆராயத்தக்கது.

துரைமார் தமிழ் பயில அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் வெளிவந்த கைந்நூல் ஒன்றின் பெயரே ‘இங்கே வா’ என்பதாம். தோட்ட ஆட்சிக்கு ஏவல்வினையே முதன்மைத் தேவையாயிருந்தமையை இப்பெயர் காட்டும். மறுபுறம், தொழிலாளர் பிள்ளைகளின் கல்வி பற்றிய 1907, 1920ஆம் ஆண்டுச் சட்டங்கள் தாய்மொழிக் கல்வியையே கருதின. ஆங்கிலம் அவற்றின் எல்லைக்கு அப்பால் நின்றது.

ஏவல் பிறர் விருப்பை உணர்த்துவது. தன் விருப்பையும் நோக்கத்தையும் உரைப்பார்க்கு வேண்டுவது செயவெனெச்சம். ‘படிக்க விரும்பினான்’, ‘படிக்க வந்தான்’, ‘படிக்க வேண்டும்’ என மூன்றிடத்தும் தமிழில் வடிவம் ஒன்றே. ஆங்கிலத்திலோ முன்னைய இரண்டிற்கும் வினையின் முன் ‘டு’ வருதல் வேண்டும். ‘மஸ்ட்’, ‘கேன்’ முதலிய துணைவினைகளின் பின் அது வாராது. தமிழ் மாணவர் ‘மஸ்ட் டு கோ’ என எழுதுவது, தமிழின் ஒரு வடிவிற்கு ஆங்கிலத்திலும் ஒன்றே உண்டெனக் கொள்வதால் நேர்வதாம்.

இவ்வேறுபாட்டின் காரணம் வரலாற்றில் உளது. பழைய ஆங்கிலத்தில் இவ்வெச்சம் ‘அன்’ என்னும் ஈறு பெற்றது. ‘டு’ என்பது ‘நோக்கி’ எனப் பொருள்படும் முன்னிடைச்சொல். அதனை அடுத்து வந்த வடிவம் நான்காம் வேற்றுமை ஈறேற்றது. ஈறுகள் தேய்ந்தொழிந்தபின் ‘டு’ எச்சத்தின் அடையாளமாய் எஞ்சியது. துணைவினைகள் பண்டே ‘டு’ இல்லா வடிவைக் கொண்டமையின் இன்றும் அதனை ஏலா.

தொல்காப்பியர் கூறும் வினையெச்ச வாய்பாடு ஒன்பதனுள் ‘செயற்கு’ என்பதும் ஒன்று. தொழிற்பெயரோடு நான்காம் வேற்றுமை உருபு சேர்ந்த அவ்வமைப்பு, ‘டு’ பெற்ற பழைய ஆங்கில வடிவை ஒப்பது. ‘படிக்கிறதுக்கு வந்தான்’ என்னும் பேச்சு வழக்கும் அதுவே.

தோட்டப் பாடசாலைகளை அரசு 1970களின் பிற்பகுதி முதல் படிப்படியாகப் பொறுப்பேற்றது. ஆங்கிலம் அங்கும் பாடமாயிற்று. ஆயினும் விதியை மனனஞ் செய்விப்பது மட்டும் போதாது. மாணவர் நாள்தோறும் வழங்கும் ‘படிக்கிறதுக்கு’ என்னும் சொல்லிலிருந்தே தொடங்கின், ‘டு’ வரும் இடமும் வாரா இடமும் காரணத்தோடு விளங்கும். நெடுங்காலம் ஏவலையே கேட்ட சமூகத்தின் பிள்ளைகள் தம் வேட்கையைப் பிறமொழியிலும் பிழையற உரைத்தற்கு அதுவே வழியாகும்.