மட்கிய பின் எஞ்சுவது

குழித்துறையைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன்னரே பால்வெட்டு தொடங்கிவிடும். சிரட்டையில் சொட்டும் அப்பாலில் இருப்பது ஒரு பாலிமர். ஐசோபிரீன் என்னும் சிறு அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. மரத்தில் அதைக் கோப்பது நொதி என்னும் புரதம், சிறிது மக்னீசியத்தின் துணையோடு. அதே சங்கிலியை ஆய்வுக்கூடத்தில் கோக்க, 1950களில் மனிதனுக்கு டைட்டானியமும் லித்தியமும் தேவைப்பட்டன.

மட்கும் பாலிமர்களின் வரலாறும் பெரும்பாலும் உலோகத்தின் வழியே நடந்ததுதான். லாக்டிக் அமிலத்திலிருந்து கிடைக்கும் லாக்டைடு ஒரு வளையம். அதைத் திறந்து சங்கிலியாக்கலாம் என்பதை 1932இல் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் ஆராய்ந்து எழுதினர். 1970களில் உடலுக்குள்ளேயே கரையும் தையல் நூல்கள் மருத்துவமனைகளுக்கு வந்தன. லாக்டைடைக் கோக்கும் வினையூக்கியாக வெள்ளீயச் சேர்மம் நிலைபெற்றது. அதற்கு இரு குறைகள் உண்டு. கோத்து முடித்த சங்கிலிகளையே இடையில் வெட்டி ஒட்டி, நீளங்களைத் தாறுமாறாக்கும். பொருளுக்குள்ளேயே தங்கியும்விடும், பாலிமர் மட்கிய பின்னும் மட்காமல் எஞ்சுவது உலோகமே.

மாற்று வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. நுண்மின்னணுப் பொருள்களில் உலோக எச்சம் பெருந்தொல்லை. கலிபோர்னியாவில் ஐபிஎம் ஆல்மடென் ஆய்வகத்தின் ஜேம்ஸ் ஹெட்ரிக்கின் குழு, டைமெத்தில் அமினோ பிரிடின் என்னும் எளிய கரிமச் சேர்மமே லாக்டைடு வளையத்தைத் திறந்து கோக்கும் என்று 2001இல் காட்டியது. ஒவ்வொரு சங்கிலியும் ஓர் ஆல்கஹால் மூலக்கூறிலிருந்து தொடங்குகிறது. ஓர் ஆல்கஹாலுக்கு 100 லாக்டைடு என்று அளந்து இட்டால், வினை முடியும்போது சங்கிலிகள் சராசரியாக 100 லாக்டைடு நீளம் இருக்கும். 2005இல் வந்த தையோயூரியா வினையூக்கிகள், முடிந்த சங்கிலியைப் பெரும்பாலும் தொடாமல் வளையத்தை மட்டும் திறந்தன. 2012இல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருது ஹெட்ரிக், ஸ்டான்போர்டின் ராபர்ட் வேமவுத் ஆகிய இருவரின் பணிக்குக் கிடைத்தது.

நீளம் ஏன் முக்கியம்? தையல் நூல் எத்தனை வாரம் தாங்கும், எப்போது கரையும் என்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. இப்பொருளின் முடிவு, அது பிறக்கும்போதே ஓரளவு எழுதப்பட்டுவிடுகிறது.

ஆயினும் ஆலைகளில் இன்றும் வெள்ளீயமே ஆள்கிறது. சிறிதளவே போதும், கடும் வெப்பத்தையும் தாங்கும். வினையூக்கியால் ஆகாதது இன்னொன்றும் உண்டு. பாலிலாக்டிக் அமிலப் பை ஒன்று குழித்துறைத் தாமிரபரணியில் விழுந்தால் எளிதில் மட்காது. அதற்கு ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் சூடும் ஈரமும் உள்ள உரக்கூடம் வேண்டும். 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குகளைத் தடைசெய்துள்ள தமிழ்நாட்டில், ‘மட்கும்’ என்ற சொல்லைக் கண்டதும் எங்கே, எவ்வளவு காலத்தில் என்று நாம் கேட்கப் பழகவேண்டும்.