கீழ்வாயிலக்கமும் தாளக்கணக்கும்

ஒன்றெனப்படுவது யாது? பகுதிகள் குறைவின்றிக் கூடியவிடத்து நிற்பதே ஒன்று. இவ்வுண்மையை நம் முன்னோர் நிலத்திலும் மொழியிலும் இசையிலும் ஒருங்கே வைத்து ஆண்டனர்.

திண்ணைப்பள்ளிச் சிறுவர் எண்சுவடியிற் பயின்ற கீழ்வாயிலக்கம் இருவழிப்பட்டது. ஒன்றை இவ்விரண்டாகப் பகுத்துச் செல்லின் அரை, கால், அரைக்கால், வீசம் என்பன பிறக்கும். வீசம் பதினாறில் ஒன்று. இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. இவ்விரு வழியையும் இணைப்பது 320இல் ஒன்றாகிய முந்திரி. வீசத்துக்கு முந்திரி 20, மாவுக்கு 16, காணிக்கு 4. ஆதலின் வீசமும் மாவும் கூடின் 36 முந்திரி. அஃதாவது ஒன்பது காணி.

முதலாம் இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள் ஒரு வேலி நிலத்தின் 52,42,88,00,000இல் ஒரு பங்கு வரை கணக்கிடுகின்றன. 320ஐ நான்குமுறை வைத்துப் பெருக்கி, மீண்டும் ஐந்தாற் பெருக்க வருந் தொகை இது. இத்துணைச் சிறு நிலத்தைக் கோலிட்டு அளத்தல் இயலாது. பகுதிகள் முழுமையோடு வழுவாது பொருந்துதற்பொருட்டே அது வேண்டப்பட்டதெனல் பொருந்தும்.

கண்டி நாட்டிலும் இதற்கு இனமான முறை உண்டு. வீர நரேந்திரசிங்கன் (1707–1739) அரண்மனை கொண்டிருந்த குண்டசாலையை உள்ளிட்ட அம்மலைநாட்டில் வயலின் பரப்பு விதைநெல்லால் அளக்கப்பட்டது. பத்துக் குறுணி ஒரு பேளை. நான்கு பேளை ஓர் அமுணம். எனவே குறுணி அமுணத்தில் நாற்பதில் ஒன்று. தமிழ்க் கணக்கின்படி அரைமா.

மொழியை நோக்குவோம். தொல்காப்பியம் குறிலுக்கு ஒரு மாத்திரையும், நெடிலுக்கு இரண்டும், மெய்க்கு அரையும், மகரக்குறுக்கத்துக்குக் காலும் வகுத்தது. கைந்நொடிப் பொழுதையும் பண்டையோர் நான்காக்கினர்: நினைத்தல் கால், விரலூன்றல் அரை, முறுக்கல் முக்கால், ஒலிக்க விடுத்தல் ஒன்று.

இக்குறில் நெடிலே இசைக்குறியீட்டிலும் அளவாயின. குறிற்சுரம் ஒரு பங்கு. நெடிற்சுரம் இரு பங்கு. மேற்கோடு ஒன்றிடின் அவ்வளவு பாதியாகும், இரண்டிடின் காலாகும். ஆதிதாளத்தின் எட்டு அட்சரமும் சதுரசிர நடையில் 32 மாத்திரை. பாடல் எவ்விடத்து எடுக்கப்படினும் இம்முப்பத்திரண்டும் நிரம்பினாலன்றி ஆவர்த்தம் முற்றுப்பெறாது. மேனாட்டாரும் முழுச்சுரத்தை அரை, கால், அரைக்காலாகப் பகுப்பர்; சுரத்தின் அருகே புள்ளியிடின் அதன் பாதி அதனொடு கூடும். 1893இல் சின்னசாமி முதலியார் கருநாடக இசையை மேனாட்டுக் குறியீட்டில் அச்சிட்டு வெளியிட்டமைக்கு இவ்வொற்றுமையே துணைநின்றது. மற்றொன்றும் உண்டு. 320 மூன்றாற் பகுபடாது. அவ்வெண்ணுக்கு எட்டாத மூன்றிலொன்றை இசை திசிர நடையால் எளிதிற் காட்டும்.

இலங்கை நாணயம் 1872இலும் இந்திய நாணயம் 1957இலும் பதின்மமுறை எய்தின. அம்முறை வணிகத்துக்கு எளிமை தந்தது. மாவும் காணியும் வழக்கு வீழ்ந்தன. ஆயின் மேலெண், கீழெண் என்னும் விதிகளை மட்டும் உருப்போடும் மாணாக்கன், எதன் பகுதியைக் கூறுகின்றோம் என்பதை மறத்தல் எளிது. அவன் கையிலே தாளத்தைக் கொடுத்தல் நன்று. ஓர் அரைக்கால் குறையினும் அவன் செவியே அதனை உணர்த்திவிடும்.