பல் பதித்து ஏறிய பாதை

மேட்டுப்பாளையம் என்றதும் எங்கள் புதுவை மக்களின் எண்ணத்தில் எழுவது தொழிற்பேட்டை, ஆலைச் சங்கு, வரிசையாய் நிற்கும் சரக்கு வண்டிகள். கோவை மாவட்டத்தாரைக் கேளுங்கள். பவானி ஆற்றங்கரையை, பாக்குத் தோப்பை, நீலமலையின் அடிவாரத்தைக் காட்டுவர். பெயர் ஒன்று, ஊர் இரண்டு. நம் மேட்டுப்பாளையம் கடலோரச் சமவெளியில் கிடக்கிறது. அந்த மேட்டுப்பாளையமோ ஒரு மலையின் வாயிற்படி. அந்தப் படியில் தொடங்கி மேலே ஏறிச் சென்ற ஓர் இருப்புப்பாதை, குன்னூர் என்னும் மலையூரின் வாழ்வையே மாற்றி அமைத்தது. அந்தக் கதையை மன்னர்களின் பட்டியலைப் படிப்பதைவிட ஆர்வத்தோடு நம் இளைஞர்கள் படிக்கவேண்டும். அறிவு வென்ற கதை அது. அந்த வெற்றியின் பலன் யாருக்குப் போயிற்று என்று கேட்கவைக்கும் கதையும் அதுவே.

1819ஆம் ஆண்டு கோவையின் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலமலை மீது ஏறினார். ‘உதகையைக் கண்டுபிடித்தவர்’ என்று அவரைப் புகழ்வது வழக்கம். கண்டுபிடிக்க என்ன இருந்தது அங்கே? எருமை மேய்த்துத் தோடர் வாழ்ந்தனர். நிலம் உழுது படகர் வாழ்ந்தனர். இரும்பு உருக்கிக் கருவி செய்து கோத்தர் வாழ்ந்தனர். காட்டைத் தாய்வீடாய்க் கொண்டு குறும்பரும் இருளரும் வாழ்ந்தனர். வீட்டில் ஆள் இருக்க, வாசலில் வந்து நின்றவன், “வீட்டைக் கண்டுபிடித்தேன்” என்று கூறினால் ஏற்போமா? ஏற்றோம்! ஏட்டில் எழுதினோம்! பிள்ளைகளுக்கும் கற்பித்தோம்!

குளிர் கண்ட வெள்ளையர் மலையை விடவில்லை. சென்னையில் வெயில் ஏறினால், கவர்னரும் அவர் பரிவாரமும் மலையேறினர். உதகை கோடைக்காலத் தலைநகராயிற்று. கடற்கரையில் மக்கள் வெந்துகொண்டிருக்க, அவர்களை ஆளும் அரசு குளிர்ச்சியில் அமர்ந்து கோப்புகளைப் புரட்டியது. ஆனால் ஏறுவது எப்படி? குதிரை, மாட்டுவண்டி, பின்னர் டோங்கா வண்டி. இவற்றோடு மனிதத் தோளும் ஒரு வாகனம்! நாற்காலியில் ஒருவன் சாய்ந்திருப்பான். அவனைத் தூக்கிக்கொண்டு மற்றவர் மூச்சிரைக்க மலையேறுவர். மனிதனை மனிதன் சுமக்கும் அந்தக் காட்சி நம் நாட்டுக்குப் புதிதல்ல. பல்லக்கில் குருமார்களைச் சுமந்து பழகிய தோள்கள், துரைமார்களையும் சுமந்தன. ஏறியவன் மாறினான், சுமந்தவன் மாறவில்லை.

மலைக்கு இருப்புப்பாதை வேண்டும் என்ற எண்ணம் 1854லேயே எழுந்தது. சமவெளியில் பாதை 1873இல் மேட்டுப்பாளையத்தை எட்டியது, எட்டியதும் நின்றது. எதிரே மலை! கல்லாறு முதல் குன்னூர் வரை ஏறத்தாழ 19 கிலோமீட்டர். அதற்குள் ஏறவேண்டிய உயரமோ ஏறத்தாழ 1,300 மீட்டர். செங்குத்தான இடங்களில், பன்னிரண்டு அடி சென்றால் ஓரடி உயரவேண்டும். வழவழப்பான தண்டவாளத்தில் வழவழப்பான சக்கரம் அத்தகைய ஏற்றத்தில் என்ன செய்யும்? வழுக்கும், பாரத்தோடு பின்னுக்கு உருளும்.

வழி காட்டியது சுவிட்சர்லாந்து. அங்கே நிக்லாஸ் ரிக்கன்பாக் என்னும் பொறியாளர் 1871இல் ரிகி மலைமீது பற்சக்கர வண்டியை ஏற்றிக் காட்டியிருந்தார். இரு தண்டவாளங்களுக்கும் நடுவே ஏணிபோல் ஓர் இரும்புச் சட்டம். எந்திரத்தின் அடியில் பல்வைத்த சக்கரம். பல் ஏணிப்படியைப் பற்றும், வண்டி ஏறும். 1880களின் தொடக்கத்தில் அவர் நீலமலைக்கும் திட்டம் தந்தார். ஆனால் கட்டி முடிக்கப்பட்ட பாதையில் அமைந்தது அவர் முறை அன்று. அவரிடம் பணியாற்றிய ரோமன் ஆப்ட் என்பார் கண்ட முறை அது. ஆப்ட் ஏணியை நீக்கினார். பல் வெட்டிய இரு சட்டங்களைப் பக்கம்பக்கமாய்ப் பதித்தார். ஒன்றின் பல் இருக்குமிடத்தில் மற்றதன் பள்ளம் இருக்குமாறு மாற்றி அமைத்தார். ஆகவே, ஒரு பல் பிடி விடும் நேரத்தில் மற்றொரு பல் பிடித்திருக்கும். பிடியற்ற நொடியே இல்லை!

இங்கே ஒன்றைக் கருதிப்பாருங்கள். ஆசான் சொல்லிவிட்டார், அதற்குமேல் சிந்திப்பது பாவம் என்று ஆப்ட் கைகட்டி நின்றிருந்தால்? ரிகியின் ஏணியைத் திருவடியாய் எண்ணிப் பூச்சூட்டியிருந்தால்? நம் நாட்டிலே, முன்னோர் மொழிந்ததை மாற்றினால் குடி கெடும் என்றனர். அங்கே, முன்னவர் செய்ததைத் திருத்தியவன் பொறியாளன் எனப்பட்டான். ஆசானுக்கு அவன் செய்த மரியாதையும் அதுதான்.

முதற்பிடி மண்ணை 1891 ஆகஸ்டில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு வெட்டினார். ஒரு பிடிதான்! மிச்ச மலையை வெட்டியது யார்? சுரங்கங்கள் 16, பாலங்கள் 250, வளைவுகள் 208 என்று இன்று அந்தப் பாதையின் பெருமையைக் கணக்கிட்டுச் சொல்கிறோம். பாலம் எத்தனை என்று எண்ணியவர்கள், பாறைக்கு மருந்து வைத்த கைகள் எத்தனை என்று எண்ணிச் சொல்வதில்லை. பணம் போட்ட கம்பெனி 1894இல் நொடித்தது. புதுக் கம்பெனி ஏற்றது. 1899 ஜூனில் குன்னூர்வரை வண்டி ஓடியது. 1903இல் அரசு பாதையை விலைக்கு வாங்கிக்கொண்டது. 1908இல் அது உதகையை எட்டிற்று. கம்பெனி நொடித்ததற்குக்கூட ஆண்டுக் குறிப்பு இருக்கிறது. பாறை வெட்டியவனின் முதுகு நொடித்ததற்கு?

அடிவாரத்துக் காடு காய்ச்சலுக்குப் பெயர்போனது. மலைக் காற்று பட்டது, காட்டுத் தெய்வம் அடித்தது என்றெல்லாம் காரணம் கூறினர் நம்மவர். ஐரோப்பியரும் அதில் நெடுநாள் நம்மைவிட மேலானவர் அல்லர். ‘கெட்ட காற்று’ என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லைத்தான் மலேரியா என அந்நோய்க்குப் பெயராக்கினர். பாதை வேலை நடந்துகொண்டிருந்த 1897ஆம் ஆண்டில், ரொனால்ட் ராஸ் என்னும் படை மருத்துவர் உதகைக்கு வந்தார். சீகூர்ச் சரிவில் காய்ச்சலை ஆராயச் சென்று, தாமே காய்ச்சலில் விழுந்தார். எழுந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றில் அந்நோயின் கிருமியைக் கண்டார். தெய்வமும் அன்று, காற்றும் அன்று, கொசு! ஒரு நுண்ணோக்காடி, ஆயிரம் பூசைகள் கூறாத உண்மையைக் கூறிற்று.

பாதை வந்த பிறகு குன்னூர் என்ன ஆயிற்று? தேயிலை இறங்கியது, அரிசி ஏறியது என்று மட்டும் முடித்துவிட முடியாது. அரவங்காட்டில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலை எழுந்தது. தொழிலாளர் குடியிருப்புகள் பெருகின. 1907இல் குன்னூரில் பாஸ்டர் ஆய்வுநிலையம் தோன்றிற்று. புதுவைத் தோழர்கள் அந்தப் பெயரைக் கூர்ந்து நோக்கவேண்டும். லூயி பாஸ்டர் பிரெஞ்சு நாட்டவர். நம்மை ஆண்ட பிரான்சிலிருந்து ஆளவந்தவர்களின் பெயர்கள் நம் தெருக்களில் ஏறின. அறிவளித்த ஒருவரின் பெயரோ ஆங்கிலேயர் ஆண்ட மலைமீது ஏறியது. வெறிநாய் கடித்தால் மந்திரிக்கச் சென்ற நாடு இது. 1900இல் கசௌலியில் இந்நாட்டின் முதல் பாஸ்டர் நிலையம் தோன்றியது. அது வட இந்தியாவின் கோடியில் இருந்தது. தென்னாட்டு மக்களுக்குக் குன்னூர்தான் எட்டும் தொலைவு. எட்டவைத்தது பற்சக்கரப் பாதை. துரைமார்கள் வெயிலுக்கு ஒளிந்துகொள்ள அமைத்த பாதையிலேயே, உயிருக்கு அஞ்சிய ஏழையும் ஏறினான்.

அந்த நிலையத்தின் ஓர் அறையில் 1918இல் இன்னோர் ஆராய்ச்சி தொடங்கியது. ராபர்ட் மெக்காரிசன் என்பார், பெரிபெரி முதலான நோய்கள் உணவுக் குறைவால் வருவதை ஆராய்ந்தார். தவிடு நீங்கத் தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பிய உடல் நலிந்து வீழும் என்பது அறிவியல் கண்ட முடிவு. கர்மவினை என்று நெற்றியைக் காட்டிக்கொண்டிருந்த நோய்க்குக் காரணம் தட்டில் இருந்தது! அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குச் சென்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாய் விளங்குகிறது.

இனி, அந்தப் பாதையின் நிலையப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். பெயர்ப்பலகைகளும் வரலாறு பேசும். கல்லாறு, பிறகு ஆடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி, குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகமண்டலம். ஆறும் காடும் தந்த பெயர்கள் சில. ஆங்கிலேயர் ஏக்கத்தோடு தம் நாட்டை நினைத்துச் சூட்டிய பெயர்கள் சில. ஜகதளா என்னும் படகர் ஊரின் பெயரால் வழங்கிய படைவீடு, 1860இல் நெப்போலியனை வென்ற தளபதியின் பெயரை ஏற்று வெலிங்டன் ஆயிற்று. ரன்னிமேடு எது தெரியுமா? 1215இல், மன்னனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவனே என்று இங்கிலாந்தின் ஜான் மன்னனிடம் உரிமைச் சாசனம் பெற்ற புல்வெளியின் பெயர். அந்தப் பெயரை நம் மலையில் நட்டவர்கள், அந்த உரிமையை நமக்கு நடவில்லை!

ஆங்கிலப் பெயரை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. தோடர் குடியிருப்புக்கு ‘மந்து’ என்று பெயர். அந்த மந்து, ஆங்கிலேயன் நாவில் ‘மண்ட்’ ஆயிற்று, ஊட்டகமண்ட் என்றானது. வெள்ளையன் போனபின் நாம் திருத்தினோம். எப்படி? உதகம், மண்டலம் என்னும் இரு வடசொற்களின் சாயலில்! தோடன் அன்றும் இழந்தான், இன்றும் இழந்தான். 1953இல் டால்மியாபுரம் என்ற பெயரைத் துடைத்துக் கல்லக்குடி என்று எழுதக் கோரித் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்த இயக்கம் நம்முடையது. அந்தப் போராட்டத்தின் அறத்தை நம்மினும் எளியவர்க்கும் நாம் வழங்கவேண்டாமா?

புகைவண்டி சாதியை ஒழித்துவிடும் என்று நம்பியவர்கள் உண்டு. ஓரளவு உண்மைதான். ஒரே பெட்டியில், ஒரே பலகையில், தொடக்கூடாதவன் என்று ஒதுக்கப்பட்டவனும் ஒதுக்கியவனும் தோள் உரச அமர்ந்தனர். எந்திரம் தன் பயணச்சீட்டில் கோத்திரம் கேட்கவில்லை. ஆனால் எந்திரம் நின்ற இடத்தில் சாதி இறங்கிக்கொண்டது! நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பார்ப்பனருக்கு ஓரிடம், மற்றவருக்கு வேறிடம். அந்த இழிவு தானாக மாயவில்லை; பெரியார் தொடர்ந்து கண்டித்த பின்னரே 1941இல் ஒழிந்தது. மனிதன் இழுக்கும் ரிக்‌ஷாவும் தானாக மறையவில்லை. 1973இல் கலைஞரின் அரசு ஒழித்த பின்னரே தமிழகத்தில் மறைந்தது. அறிவியல் பாதை போடும். அதில் சமத்துவத்தை ஏற்றிச் செல்வது மக்களின் கடமை.

இன்று அந்தப் பாதை உலகப் பாரம்பரியச் சின்னம். 2005இல் யுனெஸ்கோ அந்தச் சிறப்பை வழங்கியது. 46 கிலோமீட்டர் ஏறிச்செல்ல ஐந்து மணி நேரத்துக்குச் சற்றே குறைவாகிறது. புகைப்படக் கருவியோடு பயணிகள் மொய்க்கின்றனர். மகிழ்ச்சி. ஒரு காலத்தில் எந்திரங்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரிலிருந்து வந்தன. 2011 முதல் திருச்சி பொன்மலைத் தொழிற்சாலையில் நம் தொழிலாளரே அத்தகைய எந்திரங்களைப் புதிதாய்ச் செய்தளித்தனர். இது அதைவிடப் பெரிய மகிழ்ச்சி. அறிவு எந்த நாட்டுக்கும் எந்தக் குலத்துக்கும் எழுதிவைத்த சொத்தன்று என்பதற்கு, ஆவி கக்கி நிற்கும் அந்த எந்திரத்தைவிடச் சான்று வேண்டுமோ?

மலையேறும்போது எந்திரம் முன்னே நின்று இழுப்பதில்லை. பின்னே நின்று தள்ளுகிறது. முதல் வகுப்புப் பெட்டி முன்னே செல்கிறது. அழகெல்லாம் அதற்கு முதலில் தெரிகிறது. பெட்டிதோறும் தடை பிடிக்கும் தொழிலாளி ஒருவர் நிற்கிறார், கையில் கொடியோடு. மழையில் மண் சரிந்தால், பாறை உருண்டால், முதலில் காணவேண்டிய கண் அவருடையது. பயணிகள் எடுக்கும் படங்களில் அருவி விழும், மேகம் விழும். அவர் விழுவது அரிது.

தோழர்களே! சுற்றுலா போகாதீர் என்று சொல்லவில்லை, போங்கள். போகும்போது அந்தத் தொழிலாளியிடம் நின்று பேசுங்கள். மலையின் பழங்குடி மக்கள் தம் ஊர்களை எப்படி அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதிவாருங்கள். நம் ஊர்ப் படிப்பகங்களில் அதைப் படியுங்கள். பாதை வெட்டிய மக்களுக்கு மேட்டுப்பாளையம் நிலையத்தில் ஒரு நினைவுக் கல் வேண்டுமெனக் கேளுங்கள். மண்ணை ஒரு பிடி வெட்டிய பிரபுவுக்கு ஏட்டில் இடம் இருக்கிறது. மலையை வெட்டியவர்களுக்கு ஒரு கல்லளவாவது இடம் வேண்டும்.

நம் சீர்திருத்தப் பயணமும் செங்குத்தான ஏற்றமே. வழவழப்பான பேச்சுச் சக்கரம் மட்டும் இருந்தால் ஓரளவு ஏறும். சரிவு கடுமையானதும் பின்னுக்கு உருளும். ஒரு பல் விடும்போது மறுபல் பிடித்திருக்கவேண்டும். ஒரு தலைமுறை ஓயும்போது அடுத்த தலைமுறை பற்றியிருக்கவேண்டும். மெல்ல ஏறினும் தாழ்வில்லை. பிடி விடாமல் ஏறவேண்டும்.