ரொட்டிக்கல்லும் ஓவனும்: மாத்தளை நாய்களின் இரு தின்பண்டங்கள்

மாத்தளை மாவட்டத்து வீட்டு நாய்க்குச் சுட்ட மாப்பண்டம் இரண்டு அடுப்புகளிலிருந்து வருகிறது. ரத்தொட்டை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்ட லயங்களில் காலை ரொட்டி சுடும்போது வாசலில் காத்திருக்கும் நாய்க்கும் ஒரு துண்டு விழும். நகரத்தில் ஓவன் உள்ள சில வீடுகளிலோ நாய்க்கென்றே மா பிசைந்து, அச்சில் வெட்டி, பிஸ்கட் சுடுகிறார்கள். முதலாவதை மிச்சம் என்கிறோம். இரண்டாவதைத்தான் தின்பண்டம் என்று எண்ணுகிறோம். நாயின் வயிற்றுக்கு இந்த ஏற்றத்தாழ்வு தெரியாது.

பிஸ்கட்டின் பிறப்பைத் தேடினால் இலண்டனுக்குப் போக வேண்டும். அமெரிக்காவிலிருந்து அங்கே சென்ற ஜேம்ஸ் ஸ்பிராட் 1860களில் கோதுமை, காய்கறி, பீட்ரூட், இறைச்சி சேர்த்த நாய் பிஸ்கட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ரொட்டிக்கு அப்படியொரு முதலாளி இல்லை. மனிதரோடு வாழ்ந்த நாய் மனிதர் தின்றதைத் தின்று பழகியது. 2013இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வொன்று அந்தப் பழக்கத்தின் தடத்தை மரபணுவிலேயே காட்டியது. மாச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயிடம் 2 பிரதிகளே இருக்க, நாய்களிடம் 4 முதல் 30 வரை இருந்தன. எனவே மா என்பதற்காக இரண்டில் எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. மாவோடு என்ன சேர்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

ரொட்டியில் கோதுமை மா, தேங்காய்ப்பூ, உப்பு. இதோடு நின்றால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் வீட்டாரின் நாக்குக்காக வெங்காயமும் பச்சைமிளகாயும் நறுக்கிப் போடுகிறோம். சம்பல் ஒட்டிய துண்டையே நாய்க்கு எறிகிறோம். வெங்காயத்தில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சுட்டாலும் வதக்கினாலும் அந்த நஞ்சு போகாது. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே பாதிப்பு தெரியலாம். ஒரு துண்டு ரொட்டியில் அவ்வளவு இருக்காதுதான். ஆனால் நாள் தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் இரத்தசோகை வரலாம்.

ஓவன் பிஸ்கட்டில் வெங்காயம் இல்லை. அதன் ஆபத்து இனிப்புப் பக்கத்திலிருந்து வருகிறது. குழந்தைகளின் பிஸ்கட் செய்முறையை அப்படியே நாய்க்கு மாற்றும்போது கொக்கோத்தூள், முந்திரிவற்றல் (உலர்திராட்சை), சாதிக்காய் எல்லாம் உள்ளே வந்துவிடுகின்றன. கொக்கோவும் சாதிக்காயும் விளையும் மாத்தளையில் இவை கைக்கெட்டிய தூரத்திலேயே இருக்கின்றன. கொக்கோவின் தியோப்ரோமின் கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவிலேயே வாந்தியும் வயிற்றோட்டமும் தரக்கூடும். 10 கிலோ நாய்க்கு அந்த அளவு ஏறக்குறைய 10 கிராம் கொக்கோத்தூளிலேயே வந்துவிடும். முந்திரிவற்றல் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். சாதிக்காய் அதிகமானால் நடுக்கம் வரும். சீனி இல்லாதது என்று கடையில் வாங்கும் பீனட் பட்டரில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால், நாயின் இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும். ஆக, நாய்க்கென்றே செய்தது என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது.

வைத்திருந்து கொடுப்பதில் பிஸ்கட்டுக்கே வெற்றி. ஈரம் வற்றச் சுட்டால் காற்றுப் புகாத டின்னில் நாள்பட நிற்கும். தேங்காய் சேர்ந்த ரொட்டி அன்றைக்கே தீர வேண்டியது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மறுநாளே பூஞ்சணம் பிடிக்கலாம். பூஞ்சணம் பிடித்ததை நாய்க்குத் தள்ளிவிடும் பழக்கம் நல்லதல்ல, அதுவும் நஞ்சுதான்.

அளவு என்று வரும்போது கணக்கு வேறு. தின்பண்டம் நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்களின் பொது வழிகாட்டல். 10 கிலோ எடையுள்ள, வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 600 கலோரி வேண்டும் என்றால், தின்பண்டத்துக்கு 60. ஐந்து கிராம் குரக்கன் பிஸ்கட் மூன்று அதற்குள் அடங்கும். முழுத் தேங்காய் ரொட்டி ஒன்றோ 200 கலோரியைத் தாண்டிவிடும். ஆனால் லயத்து நாய்க்கு ரொட்டி பெரும்பாலும் மேலதிகமல்ல, அதுவே சாப்பாடு. அங்கே குறைவது புரதம். ரொட்டியைக் குறைக்கச் சொல்வதைவிட, ஓர் அவித்த முட்டையோ உப்பில்லாமல் அவித்த பருப்போ மீனோ சேர்க்கச் சொல்வதுதான் பொருத்தம். கருவாட்டுத் தலை என்றால் உப்பைக் கழுவி அவித்துக் கொடுக்கலாம்.

இரு அடுப்பும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்கலாம். ஓவன்காரர் ரொட்டியின் எளிமையை எடுத்துக்கொள்ளட்டும்: குரக்கன் மா, தம்புள்ளைச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும் பூசணிக்காயை அவித்து மசித்தது, ஒரு முட்டை, இவ்வளவே போதும். மெல்லியதாகத் தட்டி 160 பாகையில் முக்கால் மணி நேரம் சுட்டு, ஓவனை அணைத்தபின் உள்ளேயே காயவிடலாம். ரொட்டிக்காரர் பிஸ்கட்டின் கவனத்தை எடுத்துக்கொள்ளட்டும்: உப்பும் வெங்காயமும் சேர்க்குமுன் ஒரு சிறு உருண்டை மாவைத் தனியே எடுத்து, மெல்லியதாகத் தட்டி, தணலடங்கிய கல்லில் மொறுமொறுப்பாகும்வரை விட்டுவிடலாம். பல் போன கிழநாய்க்கு அதையே மென்மையாக எடுக்கலாம்.

இரண்டில் எது மேல் என்றால், பழக்கும்போது கொடுக்கவும் பயணத்தில் எடுத்துப் போகவும் பிஸ்கட். அன்றாடத்துக்கு அந்த வெங்காயமில்லாத ரொட்டி. அதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை, மா பிசையும் ஒழுங்கைச் சற்று மாற்றினால் போதும்.