‘வாக்’ என்ற சொல்லின் கதை

காலையில் பூங்காவிலும் கடற்கரையிலும் ‘வாக்கிங்’ போகிறவர்கள் அதை ஆங்கிலச் சொல் என்று நினைப்பதே இல்லை. அந்த அளவுக்கு அது தமிழ்ப் பேச்சில் கலந்துவிட்டது. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ஆங்கிலேயர்களிடமே ‘வாக்’ என்றால் நடப்பது என்ற பொருள் இருக்கவில்லை!

ஏறக்குறைய கி.பி. 1100 வரை வழங்கிய மொழியைப் பழைய ஆங்கிலம் என்கிறார்கள். அதில் இந்தச் சொல்லின் வடிவம் ‘வெயால்கன்’. உருளுதல், புரளுதல், அங்குமிங்கும் அலைக்கழிதல் என்பவை அதன் பொருள்கள். நடப்பதைச் சொல்ல அன்று பயன்பட்டது, இன்று ‘போ’ என்ற பொருளில் வழங்கும் ‘கோ’ என்ற சொல்லின் பழைய வடிவம். 1200ஆம் ஆண்டை ஒட்டித்தான் ‘வாக்’ என்பதற்கு ஊர் சுற்றுதல், பயணம் செய்தல் என்ற பொருள் வந்தது. பிறகு அது காலால் நடப்பதை மட்டும் குறிக்கும் சொல்லாகச் சுருங்கியது.

இதே வேரிலிருந்து இன்னொரு கிளையும் பிரிந்தது. அதுதான் ‘வாக்கர்’ என்ற தொழிற்பெயர். இவர் நடப்பவர் அல்ல, கம்பளித் துணியை மிதிப்பவர்.

தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி எண்ணெய்ப் பிசுக்கோடு, இழை விலகி இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்ட சிறுநீரும் ஒருவகைக் களிமண்ணும் சேர்த்து, மணிக்கணக்கில் காலால் மிதிப்பார்கள். அழுக்கு நீங்கி, துணி சுருங்கி, இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகும். அந்தக் களிமண் வகைதான் நம் ஊர்க் கடைகளில் முகத்துக்குப் பூச விற்கப்படும் முல்தானி மட்டி. ஜெர்மன் மொழியில் ‘வால்கன்’ என்றால் இன்றும் துணியை இப்படிக் கெட்டியாக்குவதுதான்.

துணியைக் காலால் மிதித்ததால்தான் நடத்தல் என்ற பொருள் வந்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் துணியைப் புரட்டுவது ஒரு கிளை, மனிதர் அலைந்து திரிவது இன்னொரு கிளை. புரளுதல் என்பதே இரண்டுக்கும் பொதுவான வேர்.

இந்தத் தொழில் நெடுநாள் நிம்மதியாக இருக்கவில்லை. நீர்ச்சக்கரத்தால் மரச் சம்மட்டிகளை இயக்கித் துணியை அடிக்கும் ஆலைகள் வந்தன. டெம்ப்ளர் சபையின் இங்கிலாந்துச் சொத்துகளைப் பற்றி 1185ல் எடுத்த கணக்கிலேயே இத்தகைய ஆலைகள் உள்ளன. ஆலை நிலப்பிரபுவுக்கோ மடத்துக்கோ சொந்தம். அதைப் பயன்படுத்தக் கட்டணம் உண்டு. வீட்டிலேயே மிதித்துக் கொண்டால் அவர்களுக்கு வருமானம் போய்விடும். செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில், தன் ஆலைக்குத்தான் துணியைக் கொண்டுவர வேண்டும் என்று மடத்துத் தலைவர் வற்புறுத்தினார். ஊர் மக்கள் எதிர்த்தார்கள். 1274ல் வழக்கு மன்னரின் நீதிமன்றம் வரை போனது. மக்கள் தோற்றார்கள்.

காலால் மிதிக்கும் வேலை மெல்ல மறைந்தது. பெயர் மட்டும் குடும்பப் பெயராகத் தங்கிவிட்டது. இங்கிலாந்தின் வடக்கே ‘வாக்கர்’, தென்கிழக்கே ‘ஃபுல்லர்’, தென்மேற்கே ‘டக்கர்’ என்ற மூன்று குடும்பப் பெயர்களும் இந்த ஒரே தொழிலிலிருந்து வந்தவை. ஸ்காட்லாந்தின் கில்மார்னாக் ஊரில் 1820ல் மளிகைக் கடை திறந்த ஜான் வாக்கரின் பெயரில்தான் ‘ஜானி வாக்கர்’ விஸ்கி வந்தது. 1908ல் டாம் பிரவுன் என்ற ஓவியர் அதற்கு வீறுநடை போடும் மனிதரை வரைந்து கொடுத்தார். துணி மிதித்தவரின் பெயர் அந்தப் படத்தில் நடப்பவரின் பெயராகிவிட்டது.

சொல் அதோடு நிற்கவில்லை. சட்டசபையில் ‘வாக் அவுட்’ ஆனது. தமிழில் அதை ‘வெளிநடப்பு’ என்கிறோம். கிரிக்கெட்டில் நடுவரின் தீர்ப்புக்குக் காத்திராமல் ஆட்டக்காரர் தானே வெளியேறுவதும் ‘வாக்’ ஆனது. 2003 உலகக் கோப்பை அரையிறுதியில் இலங்கைக்கு எதிராக ஆடம் கில்கிறிஸ்ட் அப்படித்தான் வெளியேறினார். நடுவர் அவருக்கு அவுட் கொடுக்கவில்லை.

சாதாரணச் சொல் என்று நாம் நினைக்கும் ஒன்றுக்குள் ஒரு தொழிலும், அதைச் செய்தவர்கள் தோற்ற வழக்கும் இருக்கின்றன. மன்னர்களின் பெயர்களை வரலாற்றுப் புத்தகங்கள் காப்பாற்றி வைக்கின்றன. துணி மிதித்தவர்களை அவர்களுடைய தொழிற்பெயர்தான் காப்பாற்றி வைத்திருக்கிறது.