மதுரை அங்காடியும் துலாக்கோல் அறமும்

மதுரையின் அங்காடி வாழ்வு தமிழிலக்கிய வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி இந்நகரின் பகல் அங்காடியை நாளங்காடி என்றும் இரவு அங்காடியை அல்லங்காடி என்றும் சுட்டுகிறது. மணிமேகலை ஆசிரியர் சாத்தனார் மதுரைக் கூலவாணிகர் என்றே போற்றப்படுகிறார். தானியம் அளந்த கையே காப்பியமும் எழுதியது என்னும் இம்மரபு, வாணிகத்தைப் புலமைக்கு அயலானதாக இந்நகர் கருதவில்லை என்பதை உணர்த்தும்.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, கோவலன் கண்ட மதுரை வீதிகளை விரித்துரைக்கிறது. கூல வீதியைப் புனையும் இளங்கோவடிகள் முதலில் காட்டுவது தானியக் குவியலை அன்று. துலாக்கோலும் அளவைக் கலமும் ஏந்தித் திரிவோரையே காட்டுகிறார். வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் சான்றோர்க்குத் துலாக்கோலை உவமையாக்கி, அவ்வதிகாரத்தை வாணிகர் அறத்தோடு முடிக்கிறார். நிறுத்தல் என்பது தமிழர்க்குத் தொழில்நுட்பம் மட்டுமன்று, ஒழுக்கமும் ஆகும்.

மக்கள் வழக்கிலும் இவ்வறம் நிலைபெற்றது. திருவிளையாடற் புராணத்தில், பிட்டு விற்கும் மூதாட்டி வந்திக்காக வைகைக் கரையில் மண் சுமக்க வந்த இறைவன், உதிர்ந்த பிட்டையே கூலியாகக் கொள்கிறார். அக்கதையை மதுரை இன்றும் ஆவணியில் பிட்டுத் திருவிழாவாகக் கொண்டாடுகிறது. உழைப்புக்குரிய பங்கு தவறாமல் சேர வேண்டும் என்பதே அதன் உட்பொருள். காய்கறியோடு கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாகச் சேர்த்துத் தரும் பழக்கமும் இம்மனப்பாங்கின் தொடர்ச்சியே.

ஆயினும் காலப்போக்கில் வைகைச் சமவெளி உழவன் தான் விளைவித்த காய்க்குத் தானே விலை சொல்ல இயலாதவனானான். தரகர் சொன்னதே விலை. மண்டியில் நிறுத்ததே எடை. இந்நிலையில் 14.11.1999 அன்று மதுரை அண்ணா நகரில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை திறக்கப்பெற்றது. அடையாள அட்டை பெற்ற உழவர் இடைத்தரகரின்றி விற்கலாயினர். அன்றாட விலை பலகையில் எழுதப்பெற்றது. தராசு வாடகையின்றி வழங்கப்பெற்றது.

பஞ்சாபின் அப்னி மண்டி, ஆந்திரத்தின் ரைத்து பஜார் ஆகியவை இதற்கு முன்னோடிகள் என்பது உண்மையே. ஆனால் மதுரை மக்களுக்கு அது புதுமையாகத் தோன்றாமைக்குக் காரணம், கூல வீதியின் நினைவு அவர்தம் பண்பாட்டில் உறைந்திருந்தமையே. சந்தைக்குக் கூரையும் மேடையும் அரசு அமைக்கலாம்; அங்கு நிறுப்பவரை வாங்குபவர் நம்பும் நம்பிக்கையைத் தலைமுறைகளே அமைக்கின்றன. அந்நம்பிக்கை குன்றினால் தராசு இருக்கும், சந்தை இராது.